இணையத்தில் ஒருவர் விடாமல் தொல்லை கொடுத்தால்: புகாருக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

இணையத்தில் யாராவது தொல்லை கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள் பதிலுக்குத் திட்டிவிடுகிறார்கள், அப்புறம் அருவருப்பில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள், கடைசியாக பிளாக் செய்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பத்து நாள் கழித்து வேறு பெயரில் அதே ஆள் திரும்பி வரும்போது, காவல் நிலையத்தில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. செய்யும் வேலைகள் அவையேதான்; வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் சேமிப்பது, அப்புறம் பிளாக், அப்புறம் புகார். அழிப்பது என்பது இந்த வரிசையில் வரவே வராது.

இங்கே சொல்லியிருப்பது இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து. உயிருக்கு ஆபத்து, ஆள் வாசலில் நிற்கிறான் என்ற நிலை என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-ஐ அழையுங்கள்.

உங்களுக்கு நடப்பது என்ன?

"ஆன்லைனில் டார்ச்சர் செய்கிறான்" என்று சொன்னால் எதிரே இருக்கும் காவலருக்கு எதுவும் புரியாது. என்ன நடக்கிறது என்பதைச் சரியாகப் பெயர் சொல்லிச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு ஆண் ஒரு பெண்ணைத் தொடர்புகொள்ள மீண்டும் மீண்டும் முயல்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது, இரண்டுமே பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின் கீழ் பின்தொடர்தல் குற்றம். முதல் முறை தண்டிக்கப்பட்டால் 3 ஆண்டு வரை சிறை, மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை. தெருவில் பின்னால் வந்தால்தான் குற்றம் என்பதில்லை. மின்னஞ்சலும் இணையமும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2013-ல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் 78 ஆகியிருக்கிறது. இன்னும் பழைய எண்ணையே சொல்பவர்கள் உண்டு, குழம்ப வேண்டாம்.

உங்கள் பெயரும் படமும் போட்டுப் போலிக் கணக்கு திறந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் வரும். அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் 66இ. ஆபாசமாக வெளியிடுவது 67, பாலியல் காட்சி என்றால் 67ஏ. முகத்தை வெட்டி ஒட்டிய படமாக இருந்தாலும் ஏஐ-யில் செய்த வீடியோவாக இருந்தாலும் வெளியிட்டால் குற்றம்தான். "அது நிஜப் படம் இல்லையே" என்பது தப்பிக்க வழியாகாது. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் நியாய சன்ஹிதா 351, மிரட்டிப் பணம் கேட்டால் 308.

78-ஆம் பிரிவு பெண்களுக்கானது. ஆனால் 66சி, 66இ, 67, 351, 308 எல்லாம் பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால் வரும், எதிரே ஒரு பெண் ஆடையின்றி இருப்பாள், எடுத்த சில விநாடிகளில் கால் பதிவாகிவிடும். அப்புறம் "பணம் போடு, இல்லாவிட்டால் உன் பேஸ்புக் நண்பர்களுக்கு எல்லாம் அனுப்புவேன்" என்பார்கள். அடுத்த நாள் சிபிஐ அதிகாரி என்றும் யூடியூப் அதிகாரி என்றும் சொல்லிக்கொண்டு வேறு ஒருவன் பேசுவான். இதில் மாட்டுகிறவர்களில் பலர் ஆண்கள், வெளியே சொல்லாமல் பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்களும் அவர்கள்தான். பணம் கொடுத்தால் நிற்காது. கொடுக்கிற ஆள் என்று தெரிந்த பிறகு தொகைதான் ஏறும். கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. கடன் செயலிக்காரர்கள் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மார்ஃபிங் படம் அனுப்பி மிரட்டுவதும் இதே வகைதான்.

ஒரு எச்சரிக்கை. "மனம் புண்படும்படி எழுதினான்" என்பதற்காக முன்பு இருந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. வெறும் கிண்டல், கருத்துச் சண்டை, ஒரு தடவை திட்டியது இவற்றுக்கு சைபர் க்ரைம் போலீஸ் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அந்தந்தத் தளத்தில் ரிப்போர்ட் அடித்துவிட்டு நகர்வதுதான் உத்தமம்.

தெரியாத ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்

2004-ல் சென்னையில் ஒரு வழக்கு. விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழு ஒன்றில் ஆபாசமான செய்திகள் வந்தன. அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கு திறந்து அதிலிருந்தும் அனுப்பினார்கள். அதை நம்பியவர்கள் அவருக்குப் போன் செய்யத் தொடங்கினார்கள். பிப்ரவரியில் புகார் கொடுத்தார். தேடிப் பிடித்தபோது மும்பையில் இருந்த ஆள், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர், ஒரு காலத்தில் அந்தப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்ள விரும்பி மறுக்கப்பட்டவர். பிரவுசிங் சென்டர்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 5-ல் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 67-ஆம் பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று இதைத்தான் சொல்வார்கள்.

யாகூ குழுவும் பிரவுசிங் சென்டரும் போய்விட்டன, கதை மாறவில்லை. முகம் தெரியாத கணக்கிலிருந்து வந்தாலும், அதில் உங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர் இருக்கிறதா, கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்ட படம் வந்திருக்கிறதா, நீங்கள் யாரிடமோ தனியாகச் சொன்ன விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகப்படும் பெயர்களைத் தனித் தாளில், காரணத்தோடு எழுதி வையுங்கள். யாரிடமும் போய் "நீதானே?" என்று கேட்க வேண்டாம். நீங்கள் நினைத்த ஆளாகவே இருந்தால் அன்று இரவே போனைத் துடைத்துவிடுவான். வேறு ஆளாக இருந்தால் அவதூறு உங்கள் மேல் திரும்பும்.

சேமிப்பது எப்படி

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். ஒரு படத்தில் அனுப்பியவர் பெயர் "கிங் 007" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து இன்ஸ்டாகிராமிடம் எதையும் கேட்க முடியாது. அந்தப் பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடுவான். கணக்கின் இணைப்பு வேண்டும். சுயவிவரப் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டால் இணைப்பை நகலெடுக்கும் வசதி வரும். அதை எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். பதிவுக்குத் தனி இணைப்பு, கருத்துக்குத் தனி இணைப்பு. அப்புறம் போனின் திரைப் பதிவு வசதியைப் போட்டு, அந்த ஆளின் சுயவிவரத்தில் தொடங்கி, செய்திக்குள் போய், மேலிருந்து கீழ் வரை மெதுவாக உருட்டுங்கள். தேதி, நேரம், யார் அனுப்பியது எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். வெட்டி ஒட்டியது என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து படங்களோடு சேமியுங்கள். பிளாக்கோ ரிப்போர்ட்டோ செய்யும்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு கட்டம் வந்தால், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் செய்தால் அந்த ஆளிடமிருந்து கடைசியாக வந்த ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதனால் உங்களிடம் இருக்கும் நகல் தேவையில்லாமல் போய்விடாது. மின்னஞ்சல் என்றால் ஃபார்வர்டு செய்யாதீர்கள், மூல வடிவத்தைக் காட்டும் வசதியில் போய் முழுத் தலைப்புத் தகவலோடு சேமியுங்கள்.

எல்லா இடத்திலும் பிளாக் ஆன பிறகு கூகுள் பேயில் ஒரு ரூபாய் அனுப்பி, கூடவே செய்தி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் இது அவனே கொண்டுவந்து கொடுக்கும் சாட்சி. போலிப் பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறக்கலாம். யுபிஐ-யில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் வரும். பரிவர்த்தனை எண்ணோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அங்கேயும் பிளாக் செய்யுங்கள்.

இவற்றோடு ஒரு சாதாரண நோட்டில் பதிவு வையுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"மார்ச் 3, இரவு 11.40. இன்ஸ்டாகிராம், புதுக் கணக்கு (இணைப்பு மின்னஞ்சலில்). 'நாளைக்கு 5.30 பஸ்ஸில்தானே வருவாய்' என்று செய்தி. பதில் சொல்லவில்லை. திரைப் பதிவு: டிரைவ், கோப்பு 7. தங்கையிடம் உடனே காட்டினேன்."

தனியாகப் பார்த்தால் அந்த ஒரு செய்தி சாதாரணமாகத் தெரியும். முப்பது வரி வரிசையாக இருக்கும்போதுதான் அது பின்தொடர்தல் என்று யாருக்கும் புரியும். உடனே யாரிடம் காட்டினீர்கள் என்று எழுதுவதும் முக்கியம், பிறகு அவர் சாட்சி சொல்லலாம்.

செய்திகள் வந்த அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் போடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞரும் போலீஸும் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் மூலக் கருவி கையில் இருந்தால் எல்லாமே சுலபம்.

ஒரே ஒரு பதில்

பதிலே சொல்லாதே என்பது பொதுவான அறிவுரை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்வதைத்தான் 78-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. அதனால் இதுவரை நீங்கள் எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு முறை எழுதுங்கள்: "எனக்கு உங்களிடம் பேச விருப்பமில்லை. இனி எந்த வழியிலும் தொடர்புகொள்ளாதீர்கள்." காரணம் சொல்ல வேண்டாம். மன்னிப்பு, சிரிப்பு எமோஜி எதுவும் வேண்டாம். "வீட்டில் திட்டுவார்கள்" என்று எழுதினால் வீட்டில் சம்மதித்தால் சரி என்று படிக்கிற ஆட்கள் உண்டு. அனுப்பியதைப் படம் எடுத்துவிட்டு பிளாக். அதன் பிறகு ஒரு வார்த்தையும் கூடாது. நாற்பதாவது செய்திக்கு நீங்கள் பதில் சொன்னால், நாற்பது அனுப்பினால் பதில் வரும் என்று கற்றுக்கொள்வான். பணம் கேட்டு மிரட்டுகிறவனுக்கு இந்த ஒரு பதில்கூடத் தேவையில்லை.

உங்கள் போன் உங்களுடையதுதானா?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று அவனுக்குச் சரியாகத் தெரிகிறது என்றால் பில்லி சூனியம் இல்லை, பெரிய ஹேக்கிங்கும் அநேகமாக இல்லை. ஐந்து நிமிடம் உங்கள் போன் அவன் கையில் இருந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைப் பாருங்கள். நமக்குத் தெரிந்து மிக அதிகமாக நடப்பது இதுதான்: வேறொரு கணினியில் உங்கள் வாட்ஸ்அப் மாதக்கணக்காகத் திறந்தே இருக்கும். கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் பட்டியல், மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல். பழைய காதலன் எண் இன்னும் அங்கே இருக்கலாம். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு. அப்புறம் போன் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியிலும் சாதன நிர்வாகச் செயலிகள் என்ற பகுதியிலும் நீங்கள் போடாத பெயர் ஏதாவது அனுமதி வாங்கியிருக்கிறதா, கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உளவுச் செயலிகள் "சிஸ்டம் சர்வீஸ்" மாதிரிப் பெயரில் ஒளிந்திருக்கும்.

பையிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ ஏர்டேக் மாதிரி, இருப்பிடம் காட்டும் சிறு வில்லையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஐபோனில் ஆரம்பத்திலிருந்தும் ஆண்ட்ராய்டில் 2023 முதலும், தெரியாத கருவி உங்களோடு பயணிக்கிறது என்று எச்சரிக்கை வரும். வந்தால் தட்டிவிடாமல் படித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். கண்காணிப்பவர் ஒரே வீட்டில் இருக்கும் கணவர், அல்லது அடிக்கத் தயங்காத ஆள் என்றால், கண்டுபிடித்த உடனே எதையும் நீக்காதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரியும், அன்று இரவு யாரும் உங்களோடு இருக்க மாட்டார்கள். அந்தப் போனில் வழக்கம்போல இருந்துகொண்டு, வேறொருவர் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து, போக இடம் ஏற்பாடான பிறகு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மாற்றுவதும் வேறு கருவியிலிருந்துதான். உளவுச் செயலி இருக்கிற போனில் புதுப் பாஸ்வேர்டு அடித்தால் அதுவும் அவருக்குப் போய்விடும்.

படம் வெளியே போய்விட்டால்

போலீஸ் விசாரணை முடியும் வரை படம் அங்கேயே கிடக்க வேண்டியதில்லை. நீக்குவது தனி வேலை, அது வேகமாக நடக்கும். இணைப்பையும் படத்தையும் சேமித்த பிறகு, தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், மார்ஃபிங் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் முன்பு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது; 2026 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி அது 2 மணி நேரம். எடுக்கவில்லை என்றால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையத்திலேயே முறையிடலாம். நீக்கிவிட்டால் சான்று போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், புகாரின் பேரில் நீக்கியதை 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதே 180 நாள்தான் நீங்கள் தள்ளிப்போடாமல் இருக்கவும் காரணம்.

படம் இன்னும் வெளியே வரவில்லை, வெளியிடுவேன் என்று மட்டும் மிரட்டுகிறான் என்றால் "ஸ்டாப்என்சிஐஐ" என்ற இலவசச் சேவை இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு எண்ணடையாளத்தைக் கணக்கிட்டு, அந்த அடையாளத்தை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களுக்குக் கொடுக்கும். படம் போனை விட்டு வெளியே போகாது. 18 வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் "டேக் இட் டவுன்" என்ற இன்னொரு சேவை. இரண்டுமே சேர்ந்திருக்கும் தளங்களில் மட்டும்தான் வேலை செய்யும். டெலிகிராம் குழுவில் ஓடுவதை இதனால் தடுக்க முடியாது. கூகுள் தேடலில் வருவதை எடுக்கத் தனிப் படிவம் உண்டு.

2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோ பரவியபோது, அதை 48 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தளங்கள் அசையாதபோது இந்த வழியும் இருக்கிறது.

புகார்

வழிகள் இரண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளம். முகவரி சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன். கடைசியில் ஜிஓவி டாட் இன் இல்லாத எதையும் தொடாதீர்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்தால் பிறகு நிலவரம் பார்க்க முடியாது. தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் போன் எண் கொடுத்துப் பதிவதே நல்லது. இங்கே பதிந்தது எஃப்.ஐ.ஆர். ஆகாது, உங்கள் பகுதிப் போலீசுக்கு அனுப்பப்படும், அவ்வளவுதான். நேரில் போக நினைத்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கிறது. பக்கத்துக் காவல் நிலையம், மகளிர் காவல் நிலையம் எதிலும் கொடுக்கலாம். "இது எங்கள் லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவே சொல்கிறது. பின்தொடர்தல், பாலியல் தொல்லை போன்றவற்றில் பெண் சொல்வதைப் பெண் காவல் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

புகார் மனுவை வீட்டிலேயே எழுதிப் போங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம். "நான் இன்னார். ஜனவரி 12 முதல் கீழ்க்கண்ட மூன்று கணக்குகளிலிருந்து தொடர்ந்து செய்தி வருகிறது. ஜனவரி 20 அன்று வேண்டாம் என்று எழுதினேன். அதன் பிறகு 34 செய்திகள் வந்துள்ளன. பிப்ரவரி 2 அன்று என் படத்தை மார்ஃபிங் செய்து என் அலுவலகத்தில் இருவருக்கு அனுப்பியுள்ளார். சான்றுகள் இணைப்பில். வழக்குப் பதிந்து நடவடிக்கை எடுக்கவும்." ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, தேதிவாரிப் பட்டியலைப் பின்னால் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். அது மனு வாங்கியதற்கு அத்தாட்சி, வழக்குப் பதிந்ததற்கு இல்லை. சில இடங்களில் இரு தரப்பையும் கூப்பிட்டு, "இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். உங்களுக்குத் தொல்லை நின்றால் போதும் என்றால் இதுவும் ஒரு வழிதான்; எழுதிக் கொடுத்ததன் நகலைக் கேட்டு வாங்குங்கள், மறுபடி தொடங்கினால் உதவும். வழக்குதான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் மனு, அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் வைக்கக் காசில்லை என்று இங்கே நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. ராத்திரி தூக்கம் வராமல், யாரிடமாவது பேசினால் தேவலை என்று இருந்தால் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் மகளோ மகனோ வந்து சொன்னால், போனைப் பிடுங்கிவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், மிரட்டுகிறவனுக்கு வேண்டியது அதுவே. 18 வயதுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் சேரும், 1098 குழந்தைகளுக்கான எண். அந்தப் படத்தை "பார், என்ன செய்திருக்கிறான்" என்று குடும்பக் குழுவில் அனுப்பினால் நீங்களும் அதே பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வழக்குப் பதிந்த பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எஃப்.ஐ.ஆர். எண்ணைச் சொல்லி நீங்களே எழுதிக் கேளுங்கள். தடயவியல் ஆய்வுக்கு என்று உங்கள் போனைக் கேட்க வாய்ப்பு உண்டு, திரும்பி வர மாதங்கள் ஆகலாம். அதனால் போகும் முன்பே எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, வங்கிச் செயலிகளுக்கு இன்னொரு போனில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போனைக் கொடுத்தால் ரசீதில் அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.